மூட்டையும் மூட்டை இருந்த இடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

குறுவை அறுவடை நேரம் இது. களத்திலோ கொள்முதல் நிலைய வாசலிலோ இருந்தபடி இதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். இன்று நான் பேசப்போவது கணினியின் நினைவகத்தைப் பற்றி. ஆனாலும் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். என் தகப்பனார் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்தார். காலாண்டு விடுமுறையில் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை.

ஒரு புரட்டாசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு விவசாயியின் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. காயவைத்துத்தான் எடைபோட வேண்டும். அங்கிருந்த உதவியாளர் ஒரு துண்டுத் தாளில், 'கிழக்கு அட்டி, மூன்றாவது வரிசை, ஈரம்' என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். இரவு மழை கொட்டியது. கிழக்குப் பக்கம் தண்ணீர் ஏறியதும் சுமை தூக்குபவர்கள் எல்லா மூட்டைகளையும் மேற்கே மாற்றித் தார்ப்பாய் போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் கைக்கு வந்த வரிசையில் திரும்ப அடுக்கினார்கள். விடிந்ததும் உதவியாளர் தாளைப் பார்த்தார். மூன்றாவது வரிசையை இறக்கிக் களத்தில் கொட்டிப் பரப்பினார். அது வேறொருவரின் காய்ந்த நெல். ஈர நெல்லோ எடைபோடப்பட்டு, லாரி ஏறி, ரயிலடிக்கே போய்விட்டது.

அந்த இடம் காலியாக இருந்திருந்தால் அவர் 'மூட்டை எங்கே?' என்று கேட்டிருப்பார். காலியாக இல்லை. அங்கே ஒரு மூட்டை இருந்தது. அதே சாக்கு, அதே தையல். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், திரும்பவும் இங்கே வருவேன்.

நான் கல்லூரியில் கணினி கற்பிக்கிறேன். என் பாடம் மெய்நிகர் இயந்திரம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினி. 1995-இல் வெளிவந்த ஜாவா மொழியின் நிரல்கள் அப்படி ஒன்றில்தான் ஓடுகின்றன. நிரல் நினைவகத்தில் வைக்கும் தரவுத் தொகுதிகளைப் பொருள்கள் என்போம். அந்த இயந்திரத்துக்குள் நினைவகத்தைக் கவனிக்க ஒரு பணியாள் உண்டு. வேண்டாத பொருள்களைக் கழித்து, வேண்டியவற்றை ஒரு பக்கமாக நெருக்கி அடுக்குவது அதன் வேலை. லாரி ஏற்றியபின் அட்டியில் அங்கங்கே விழும் பள்ளங்களை நிரவுவது போலத்தான். அடுக்கும்போது பொருள் இடம் மாறும்.

இன்னொரு பணியாளும் உண்டு, தொகுப்பி. நிரலில் அடிக்கடி ஓடும் பகுதி எது என்று பார்த்து, அதை நேரடியான இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தருவது அது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறது. அதற்காக நினைவகத்தில் உள்ள பொருள்களை எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது: இந்தப் பொருள் எந்த வகை, இந்த மதிப்பு இனி மாறாதா என்றெல்லாம். பார்த்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சற்று நேரம் கழித்து அதே இடத்துக்குப் போனால்? அங்கே ஏதோ ஒன்று இருக்கும். காலியாக இராது, நேயர்களே. தவறான மூட்டையை நம்பித் தொகுப்பி கட்டளை எழுதிவிடும்.

என் தகப்பனார் மறுநாளே ஒரு வழி செய்தார். ஒரே ஒரு நோட்டு. மூட்டைகளை யார் நகர்த்தினாலும் அந்த நோட்டில் இடத்தைத் திருத்த வேண்டும். மற்றவர்கள் கையில் 'நோட்டில் 14-ஆம் வரி' என்ற சீட்டு மட்டும் இருக்கும். இடம் எழுதிய தாள் எவரிடமும் இருக்கக் கூடாது. கணினியில் இதைக் கைப்பிடி என்கிறோம். தொகுப்பி பொருளின் முகவரியைப் பிடித்துக்கொள்வதில்லை, கைப்பிடியைத்தான் வைத்துக்கொள்கிறது. பொருள் நகர்ந்தால் நகர்த்துகிறவரே நோட்டைத் திருத்திவிடுவார். சீட்டு ஒருவர் கையில் இருக்கும்வரை அந்தப் பொருளை வேண்டாதது என்று கழிக்கவும் மாட்டார்.

நோட்டு மட்டும் போதுமா? போதாது. 14-ஆம் வரியைப் படித்துவிட்டு மூட்டையை நோக்கி நடக்கிறீர்கள். அந்த நாலு எட்டுக்குள் மூட்டை நகர்ந்துவிட்டால் என்ன செய்வது? நினைவகத்தை மூட்டைகள் அடுக்கிய ஒரு கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத்தான் கொட்டகை வாசலில் ஒரு கட்டுப்பாடு. 1999-இல் வந்த ஹாட்ஸ்பாட் என்னும் ஜாவா இயந்திரத்தில் இது அழகாக அமைந்திருக்கிறது. தொகுப்பி தன் நேரத்தில் பெரும்பகுதியைக் கொட்டகைக்கு வெளியே கழிக்கிறது. வெளியே இருக்கும்போது எந்த மூட்டையையும் தொடக் கூடாது. தொடாததால், உள்ளே அடுக்கு வேலை நடந்தாலும் அது தன் கணக்கை நிறுத்தாமல் எழுதிக்கொண்டிருக்கலாம். மூட்டையைப் பார்க்க வேண்டுமானால் வாசலுக்கு வர வேண்டும். அடுக்கு வேலை நடந்தால் முடியும்வரை வாசலிலேயே நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால், அது ஒதுங்கி நிற்கும்வரை அடுக்குபவர் காத்திருப்பார். அந்த நேரத்தில் நோட்டைப் பார்த்து, மூட்டையைத் திறந்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு, சீட்டோடு மட்டும் வெளியே வந்துவிட வேண்டும். முகவரியை வெளியே எடுத்துவரக் கூடாது. வகுப்பில் இதை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

ஏனென்றால் இந்தப் பிழை எல்லா நாளும் வராது. மழை பெய்த இரவில் மட்டும் வரும். நினைவகம் நிரம்பி, அடுக்கு வேலை நடந்து, அதே நொடியில் யாரோ ஒருவர் பழைய தாளை வைத்திருந்தால்தான் வெளிப்படும். என் மாணவர்கள் எழுதிய சிறிய இயந்திரம் ஒன்று பகலெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, நினைவகத்தைக் குறைத்துக் கொடுத்ததும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணைக் காட்டியது. ஒன்பது நாள் தேடினோம். கடைசியில் ஒரே வரி: வாசலைத் தாண்டி வந்தபிறகும் பழைய முகவரியைப் பயன்படுத்தியிருந்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும் மிச்சம். தொகுப்பி எழுதி முடித்த கட்டளைகளுக்குள்ளேயே சில பொருள்களின் முகவரி பதிந்துவிடும்; அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே எந்தெந்த இடத்தில் முகவரி பதிந்திருக்கிறது என்ற பட்டியலையும் தொகுப்பி கூடவே கொடுத்துவிடுகிறது. பொருளை நகர்த்தும்போது அந்தப் பட்டியலைப் பார்த்துக் கட்டளைக்குள் இருக்கும் முகவரியையும் திருத்துகிறார்கள். அதை விரிவாகச் சொல்ல இன்றைக்கு நேரமில்லை. வணக்கம்.