ஒரு சதமும் ஒரு டொலரும்

அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் பெருமைக்குரிய மனிதர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாரிடமாவது பத்து டொலர் தாள் இருந்தால் கையில் எடுங்கள். நாம் புழங்கும் மற்றத் தாள்களைப் போல இது படுக்கையாக இல்லை, நிமிர்ந்து நிற்கிறது. 2018இல் வந்தது. அதில் இருப்பவர் வயோலா டெஸ்மண்ட்.

ஹலிஃபாக்ஸில் அழகுநிலையம் நடத்தியவர். மற்றக் கறுப்பினப் பெண்களுக்கும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். 1946 நவம்பர் 8. தொழில் விஷயமாகப் போகும் வழியில், நியூ கிளாஸ்கோவில் கார் பழுதாகிவிட்டது. திருத்த நேரமெடுக்கும் என்றார்கள். சரி, அதுவரை படம் பார்ப்போம் என்று ரோஸ்லண்ட் தியேட்டருக்குள் போனார். கண்பார்வை கொஞ்சம் குறைவு என்பதால் கீழே, திரைக்குக் கிட்ட உட்கார்ந்தார். அங்கே வெள்ளையர்தான் உட்காரலாம். கறுப்பினத்தவர் பால்கனிக்குப் போகவேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. வழக்கம், அவ்வளவுதான்.

மேலே போகச் சொன்னதும், சீட்டு விற்கும் இடத்துக்குத் திரும்பிப் போய், கீழ் இருக்கைக்கான மிச்சக் காசை நீட்டினார். வாங்க மறுத்துவிட்டார்கள். மீண்டும் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். பொலிஸ் இழுத்துக்கொண்டு போனது. இரவு முழுவதும் சிறையில், கையில் வெள்ளைக் கையுறையோடு, விடியும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாராம். அந்தக் கையுறைகள் என் மனதை விட்டுப் போவதில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் நிறம் பற்றிய பேச்சே இல்லை. மேல் சீட்டுக்கு வரி இரண்டு சதம், கீழ்ச் சீட்டுக்கு மூன்று. அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய ஒரு சதத்தை ஏய்த்தார் என்பதுதான் குற்றச்சாட்டு! தண்டம் 20 டொலர், செலவு 6 டொலர். மேல்முறையீடும் கைகொடுக்கவில்லை. 1965இல் கண்மூடினார். இதெல்லாம் நடந்த நோவா ஸ்கோஷியா மாகாணம் மன்னிப்புக் கேட்டது 2010இல்தான். அவருக்கான மன்னிப்பு ஆணையில் கையெழுத்திட்ட துணை ஆளுநர் மேயன் ஃபிரான்சிஸும் ஒரு கறுப்பினப் பெண்.

இனி ஒரு டொலர் கதை. சீனி வருத்தம் இல்லாத வீடு நம்மிடையே ஏது? இன்சுலின் பிறந்தது இதே ரொறன்ரோவில். 1922 ஜனவரியில், எலும்பும் தோலுமாகக் கிடந்த 14 வயதுப் பையன் லெனார்ட் தொம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் கூட இருந்தவர்களும் நினைத்திருந்தால் கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கலாம். காப்புரிமையை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு விற்றபோது ஆளுக்கு ஒரு டொலர்தான் விலை.

அப்புறம், டெரி ஃபொக்ஸ். 18 வயதில் புற்றுநோய்க்கு வலது காலை இழந்த பிள்ளை. ஒவ்வொரு கனடியரும் ஒரு டொலர் தந்தால் போதும், அது புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போகட்டும் என்றார். 1980 ஏப்ரல் 12, நியூஃபவுண்ட்லாந்தின் சென்ட் ஜோன்ஸில் செயற்கைக் காலை அட்லாண்டிக் கடலில் நனைத்துவிட்டு, கனடாவின் குறுக்கே பசிபிக் கடலை நோக்கி ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறக்குறைய 42 கிலோமீற்றர். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 143 நாட்கள்! 5,373 கிலோமீற்றர் ஓடி, தண்டர் பே அருகே வந்தபோது மூச்சுவிட முடியவில்லை. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

பசிபிக் கடலை அவர் தொடவில்லை. ஆனால் நாடு அவர் கேட்டதைக் கொடுத்தது. 1981 பெப்ரவரியில் கணக்குப் பார்த்தபோது, 24 மில்லியன் பேர் வாழ்ந்த நாட்டில் 24 மில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்திருந்தது. அதே ஆண்டு ஜூனில்தான் டெரி இறந்தார், 22 வயதில். அந்தக் கணக்கு அவர் காதில் விழுந்த பிறகு.