குண்டுச் சின்னங்கள் எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டுவீச்சு விமானங்களில் தீட்டப்பட்ட ஓவியங்களைக் கைப்பேசி உறைகளில் அச்சிடுவது வரலாற்றை வாழவைக்கிறதா, மறைக்கிறதா என்பது இன்றைய தலைப்பு. மறைக்கிறது என்ற அணிக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், அருங்காட்சியகத்துக்குள் இருந்த படம் இன்று இளைஞர்களின் கைகளில் தவழ்கிறது என்றும், அதைப் பார்த்து ஒரு பிள்ளை கேள்வி கேட்டாலே போதும் என்றும் சொன்னார். அவருடைய எண்ணம் நல்லது. ஆனால் கேள்வி பிறப்பதற்கு வேண்டியதை உறை விட்டுவைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என் கையில் இருப்பது என் தங்கை மகனுடைய உறை. நீல நீச்சலுடை அணிந்த பெண்ணொருத்தி தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். கீழே 'மெம்பிஸ் பெல்' என்ற பெயர். மேல் மூலையில் கேமராவுக்கான துளை. தொலைபேசி பிடித்த பெண் என்பதால், கைப்பேசிக்கென்றே வரைந்த படம் என்றுதான் பையன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

ஜார்ஜ் பெட்டி 1941-இல் ஓர் அமெரிக்க இதழுக்கு வரைந்த பெண் அவள். இங்கிலாந்தின் பேசிங்போர்ன் தளத்திலிருந்து பறந்த ஒரு பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கு, அதன் விமானி ராபர்ட் மார்கன் தம் காதலி மார்கரெட் போல்க்கின் ஊரான மெம்பிஸை எண்ணி 'மெம்பிஸ் பெல்' என்று பெயர் சூட்ட, டோனி ஸ்டார்ஸர் என்ற படைவீரர் அந்தப் பெண்ணை அதன் முகப்பில் தீட்டினார். விமானத்தில் 10 பேர். 25 தாக்குதல்களை முடித்தால் வீடு திரும்பலாம். அவர்கள் சேர்ந்திருந்த அமெரிக்காவின் 8-ஆவது விமானப்படையில் போர் முடிவதற்குள் மாண்டவர்கள் 26,000-க்கும் மேல். நாளை இருப்போமா என்று தெரியாத இளைஞர்கள் ஊரையும் காதலியையும் அலுமினியத் தகட்டின்மேல் எழுதிக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓவியத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அந்த முகப்பில் பெண் மட்டும் இல்லை. தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு குண்டுச் சின்னம் தீட்டுவது அவர்களின் வழக்கம். ஒவ்வொரு சின்னத்துக்கும் கீழே ஓர் ஊர் இருந்தது. மெம்பிஸ் பெல் திரும்பத் திரும்பச் சென்ற லோரியான், செயின்ட் நசேர் ஆகிய பிரெஞ்சுத் துறைமுகங்களில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கான கான்கிரீட் கொட்டகைகள் இன்றும் நிற்கின்றன. சுற்றியிருந்த நகரங்களோ நேச நாடுகளின் குண்டுவீச்சில் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. நாஜிகளை எதிர்த்த போர் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதனால்தான் அதற்குக் கொடுத்த விலையும் படத்தோடு இருக்க வேண்டும் என்கிறேன். அந்த வீரர்கள் பெண்ணையும் குண்டுகளையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். உறை செய்தவரோ பெண்ணை எடுத்துக்கொண்டு குண்டுகளை விட்டுவிட்டார்.

நாகசாகியில் அணுகுண்டு வீசிய 'பாக்ஸ்கார்' விமானத்தின் முகப்பிலும் ஓர் ஓவியம் உண்டு. சிறகு முளைத்த சரக்கு ரயில் பெட்டி ஒன்று அமெரிக்காவின் சால்ட் லேக்கிலிருந்து நாகசாகிக்கு ஓடுகிறது. குண்டு வீசிய பிறகு தீட்டியது. விவரம் அறியாத குழந்தைக்கு அது பொம்மை ரயில். இதையும் உறையில் அச்சிடலாமா என்று எதிரணி நண்பர் அருள்கூர்ந்து சொல்லட்டும்.

நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றால் நினைவு வாழும் என்ற வாதத்துக்கும் மெம்பிஸ் பெல் விமானமே சாட்சி சொல்கிறது. 1946-இல் மெம்பிஸ் நகரம் அதை 350 டாலருக்கு வாங்கித் திறந்த வெளியில் நிறுத்தியது. நினைவுக்கென்று வந்தவர்கள் உள்ளிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். 2005-இல் டேட்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்று பல ஆண்டுகள் உழைத்துச் சீரமைத்த பிறகுதான், 2018-இல் அது பழைய கோலத்தில் மக்கள் முன் நின்றது. இன்று அங்கே போகிறவர் ஓவியத்தைக் குண்டுச் சின்னங்களோடுதான் காண்கிறார்.

நடுவர் அவர்களே, இந்த உறையை உங்கள் மேசையில் வைக்கிறேன். பொறுமையாகத் திருப்பிப் பாருங்கள். இதில் ஒரே ஒரு குண்டுச் சின்னத்தை நீங்கள் காட்டினாலும், என் வாதம் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.