ஸ்பீக்கருக்குள் ஒரு ஸ்ஸ் சத்தம்

வணக்கம் நேயர்களே.

வீட்டில் சும்மா கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் ஆம்ப்ளிஃபையர் போர்டு, ஒரு ப்ளூடூத் மாட்யூல், இரண்டு மூன்று லித்தியம் செல்கள். சென்னை ரிச்சி தெருவில் அரை நாள் சுற்றினால் பெட்டி தவிர மற்ற எல்லாமே கிடைத்துவிடும். சாலிடர் வைத்து முடித்து, போனை இணைத்துப் பாட்டு போட்டால் நன்றாகத்தான் பாடும். பாட்டை நிறுத்திய பிறகுதான் தெரியும், உள்ளே ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது. பகலில் அது தெருச் சத்தத்தில் கரைந்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் மெல்லிய பாட்டு கேட்க உட்கார்ந்தால், பாடுகிறவரோடு சேர்ந்து அதுவும் பாடும். இந்த இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வானொலியில் படம் வரைந்து காட்ட வழியில்லை. ஆனால் இந்த வேலைக்குப் படத்தைவிடக் காதுதான் முக்கியம். ஏனென்றால் எல்லோரும் ‘இரைச்சல்’ என்று ஒரே பெயரில் சொல்லும் சத்தம் உண்மையில் இரண்டு வகை. ஒன்று, ரேடியோவில் நிலையம் கிடைக்காத இடத்தில் முள்ளை நிறுத்தினால் வருமே, அதைப் போன்ற ஒரே சீரான ‘ஸ்ஸ்ஸ்’. இன்னொன்று, ‘கீ... டிக்டிக்டிக்... க்ரீ’ என்று போன் இணையும்போதும் பாட்டு ஓடும்போதும் மாறிக்கொண்டே இருக்கும் சிணுங்கல். இவை இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. ஒன்றின் மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டு, போர்டு சரியில்லை என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் ‘ஸ்ஸ்’ சத்தத்தைப் பார்ப்போம். இதைக் கேட்டதும் பலர் செய்வது, பேட்டரி வயரில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்றை வைப்பது. 1000 மைக்ரோஃபாரட் போதவில்லை என்றால் 4700. அதனால் ‘ஸ்ஸ்’ கொஞ்சமும் குறையாது. காரணம், அந்தச் சத்தம் பேட்டரியிலிருந்து வரவில்லை. மின்சாரம் ஓடாமல் மேசையில் கிடக்கும் ரெசிஸ்டரில்கூட, வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருப்பதால் அதன் இரு முனைகளுக்கும் நடுவே மிகச் சின்ன மின்னழுத்தம் தோன்றித் தோன்றி மறைகிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார்; அதன் தாய் நிறுவனமான ஏடி அண்ட் டி-யில் இருந்த ஹாரி நைக்விஸ்ட் கணக்கு போட்டு விளக்கினார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. இருவருமே சுவீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள். அவர்கள் கணக்குப்படி 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, நம் காதுக்கு எட்டும் அலைவரிசை முழுவதிலும் சேர்த்து, ஏறக்குறைய 1.8 மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தரும். சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களும் ப்ளூடூத் மாட்யூலும் அதற்கு மேல் தங்கள் பங்கைச் சேர்க்கும். பாட்டில் என்னென்ன அலைவரிசைகள் உண்டோ அவை அத்தனையிலும் இந்த இரைச்சலும் பரவிக் கிடப்பதால், வடிகட்டித் தனியே எடுக்கவும் முடியாது.

சரி, இவ்வளவு சின்ன மின்னழுத்தம் ஏன் காதில் விழுகிறது? ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கித் தருவதால்தான். நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்: சின்ன போர்டுகளில் பெருக்கம், அதாவது கெயின், நமக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறைத்தால் இரைச்சல் குறையும்.

நம் ஊரில் மிக எளிதாகக் கிடைக்கும் பிஏஎம் 8403 சிப்பை எடுத்துக்கொள்வோம். 5 வோல்ட்டில் ஓடும், 4 ஓம் ஸ்பீக்கர்கள் என்றால் இடது, வலது ஒவ்வொன்றுக்கும் 3 வாட் தரும். இதன் கெயின் அதிகபட்சம் 24 டெசிபல், அதாவது ஏறக்குறைய 16 மடங்கு. 5 வோல்ட்டில் இதனால் ஸ்பீக்கருக்குத் தர முடிந்ததே மூன்றரை வோல்ட்தான். ப்ளூடூத் மாட்யூல் முழு வால்யூமில் அரை வோல்ட் கொடுத்தால்கூட 7 மடங்கு பெருக்கினாலே போதும். மிச்சமுள்ள பெருக்கம் பாட்டுக்கு எந்த விதத்திலும் பயன்படுவதில்லை, இரைச்சலுக்கு மட்டுமே பயன்படுகிறது.

இதைக் குறைக்க ஐம்பது காசு ரெசிஸ்டர் போதும். சிப்புக்குள் உள்ளீட்டில் 18 கிலோ ஓமும், பின்னூட்டத்தில், அதாவது வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் பாதையில், 142 கிலோ ஓமும் இருக்கின்றன. இரண்டாவதை முதலாவதால் வகுத்து, இரண்டால் பெருக்கினால் கெயின் கிடைக்கும். வெளியே உள்ளீட்டு வயரில் 22 கிலோ ஓம் சேர்த்தால் 18 என்பது 40 ஆகிறது, கெயின் 7 மடங்காக இறங்குகிறது. இடது, வலது இரண்டுக்கும் ஒரே மதிப்பு ரெசிஸ்டர் வையுங்கள். சில போர்டுகளில் அந்தப் பாதையில் ஏற்கெனவே ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்கும். மல்டிமீட்டரில் அதைப் பார்த்துவிட்டு மீதியை மட்டும் சேருங்கள். அப்புறம் போன் வால்யூமை முன்பைவிடக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டியிருக்கும். அது நல்லதுதான், பாட்டு பலமாக உள்ளே வர, இரைச்சல் பின்னால் போய்விடுகிறது.

12 வோல்ட்டில் ஓடும் டிபிஏ 3110 போர்டு வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. அந்தச் சிப்பில் கெயினைத் தேர்ந்தெடுக்கவே இரண்டு கால்கள் உண்டு. 20, 26, 32, 36 என்று நான்கு நிலைகள். 36 டெசிபல் என்றால் 63 மடங்கு, 20 என்றால் 10 மடங்கு. இரண்டு கால்களையும் கிரவுண்டில், அதாவது போர்டின் மைனஸில், இணைத்தால் 20-க்கு வந்துவிடும். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ப்ளூடூத் மாட்யூலின் ஒலி வயர்களைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் இடது, வலது உள்ளீடுகளை அங்கேயே இருக்கும் உள்ளீட்டுக் கிரவுண்டோடு சின்ன வயரால் இணையுங்கள். ‘ஸ்ஸ்’ அப்படியே இருந்தால் அது ஆம்ப்ளிஃபையருடையது. சிப்பின் கெயினைத்தான் குறைக்க வேண்டும். சட்டென்று அடங்கினால் மாட்யூலுடையது. அப்போது கெயினைத் தொட முடியாத போர்டாக இருந்தாலும் கவலையில்லை. 10 கிலோ ஓமை ஒலி வயரோடு வரிசையிலும், 2.2 கிலோ ஓமை அதன் ஆம்ப்ளிஃபையர் பக்க முனையிலிருந்து கிரவுண்டுக்கும் வைத்தால் மாட்யூலின் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இந்த இரண்டையும் ஆம்ப்ளிஃபையர் பக்கத்திலேயே வையுங்கள். ஆனால் ஒன்று: ஸ்பீக்கரின் மைனஸ் வயரைக் கிரவுண்டோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். இந்த வகைச் சிப்புகளில் ஸ்பீக்கரின் இரண்டு வயர்களிலும் மின்னழுத்தம் இருக்கும், சேர்த்தால் சிப் போய்விடும்.

இனி அந்தச் சிணுங்கல். ப்ளூடூத் நொடிக்கு 1600 முறை அலைவரிசை தாவக்கூடிய ஏற்பாடு. ஒலிபரப்பும்போதும் கேட்கும்போதும் மாட்யூல் மின்னோட்டத்தை விட்டுவிட்டு இழுக்கிறது. மாட்யூலும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே பேட்டரியில் இருந்தால், அந்த இழுப்பு ஒலி வயரின் கிரவுண்டு வழியாகவும் ஓடி, பாட்டோடு சேர்ந்து பெருக்கப்படுகிறது. சந்தேகமாக இருந்தால் மாட்யூலை மட்டும் தனியாக ஒரு பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். சிணுங்கல் மறைந்தால் காரணம் கிரவுண்டுதான்.

முதல் மருந்து வயரிங். மாட்யூலின் மைனஸ், ஆம்ப்ளிஃபையரின் மைனஸ், இரண்டும் பேட்டரியின் மைனஸில் ஒரே புள்ளியில் போய்ச் சேர வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக் கூடாது. அதோடு மாட்யூலின் ப்ளஸ் வயரில் 10 ஓம் ரெசிஸ்டரும், அதைத் தாண்டி ப்ளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வையுங்கள். கெப்பாசிட்டருக்கு உண்மையான வேலை இங்கேதான். அப்படியும் போகவில்லை என்றால் பி0505எஸ் என்ற சின்னக் கறுப்புப் பெட்டி கடையில் கேட்டால் கிடைக்கும். 5 வோல்ட்டை வாங்கி, பேட்டரியோடு தொடர்பே இல்லாத இன்னொரு 5 வோல்ட்டாகத் தரும். மாட்யூலின் ப்ளஸ், மைனஸ் இரண்டையும் பேட்டரியிலிருந்து எடுத்துவிட்டு அதில் ஓட்டினால் கிரவுண்டு வழியே மின்னோட்டம் சுற்றும் பாதை அறுந்துவிடும். சிணுங்கலுக்கு இதைப் போலக் கைகொடுக்கும் பொருள் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு செல்லின் 3.7 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் பூஸ்ட் கன்வெர்ட்டர் போர்டுகளும் சிணுங்கும், அதிலும் பாட்டு ஓடாத நேரத்தில். முடிந்தவரை அதைத் தவிர்த்து, 12 வோல்ட் போர்டுக்கு மூன்று செல்களை வரிசையாக, பாதுகாப்புச் சர்க்யூட்டோடு வைப்பதே என் பரிந்துரை.

இவ்வளவும் செய்த பிறகு, காதை ஸ்பீக்கர் கூம்போடு ஒட்டி வைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ கேட்கத்தான் செய்யும். ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்தால் கேட்கவில்லை என்றால் மேற்கொண்டு நோண்ட வேண்டாம், பெட்டியை மூடிவிடலாம். அதுவும் இருக்கக் கூடாது என்பவர்கள், மாட்யூலில் மியூட் கால் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஆம்ப்ளிஃபையரின் மியூட் காலோடு இணைத்தால் பாட்டு நின்றதும் ஆம்ப்ளிஃபையரும் வாயை மூடிக்கொள்ளும். இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கின்றனவா என்று மட்டும் மீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். ஒன்றில் ‘மியூட்’ என்பது மேல் மின்னழுத்தமாகவும் மற்றதில் கீழ் மின்னழுத்தமாகவும் இருந்தால், நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.