காணப்பட்ட பிழைகள்

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிழை திருத்தியே காலம் போய்விட்டது. இன்று ஒரு குருவானவரின் வழக்கைப் பற்றிப் பேசப்போகிறேன். இறையியல் எனக்குத் தெரியாது. இலக்கணம் கொஞ்சம் தெரியும். அந்த வழக்கும் கடைசியில் ஒரு வினைச்சொல்லில் வந்துதான் முடிந்தது.

திஸ்ஸ பாலசூரிய இலங்கைச் சிங்களவர், அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. 1990இல் ‘மரியாவும் மானுட விடுதலையும்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலை எழுதினார். நம் கோயில்களில் கண்ணைத் தாழ்த்தி, கை குவித்து நிற்கும் மாதாவை அவர் வேறு விதமாகப் பார்த்தார். வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கும் கடவுளைப் பாடியவள் அல்லவா அவள், அந்தப் பாட்டை மறந்துவிட்டு அடக்கத்தை மட்டும் ஏன் எடுத்துக்கொண்டோம் என்று கேட்டார். அத்தோடு விட்டிருந்தால் ரோம், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமை, திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அவர் ஜென்மப் பாவத்தைப் பற்றியும் கேட்டார். பிறக்கும் குழந்தை எல்லாம் பாவக் கறையோடு பிறக்கிறது, ஞானஸ்நானம்தான் அதைக் கழுவுகிறது என்றால், ஆசியாவில் புத்தரையும் சிவனையும் வணங்குகிற வீடுகளில் பிறக்கும் குழந்தைகளின் கதி என்ன?

இந்தக் கேள்வி நம் ஊரில் தெருவிலேயே கிடக்கிறது. சீனர்களின் குவான் இன் கோயிலின் ஊதுபத்திப் புகையைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் மகாமாரியம்மன் கோயில் மணி. அதற்கும் பக்கத்தில் பள்ளிவாசல். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு மெழுகுவர்த்தியோடு வருகிறவர்களில் நெற்றியில் திருநீறு உள்ளவர்களும் உண்டு. அவர்களிடம் யாரும் ஜென்மப் பாவத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மெழுகுவர்த்தி விற்கிறவர் சில்லறைதான் கேட்பார்.

இலங்கை ஆயர்கள் 1994இல் நூலில் பிழை இருக்கிறது என்று அறிவித்தார்கள். பிறகு ரோமிலுள்ள விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் எடுத்துக்கொண்டது. அப்போது அதன் தலைவர் கர்தினால் ராட்சிங்கர். பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவர். 1996இல் பாலசூரியவுக்கென்றே ஒரு விசுவாச அறிக்கை தயாரித்து, கையெழுத்திடச் சொன்னார்கள். பெண்களுக்குக் குருத்துவம், அதாவது குருவாகும் பட்டம், கொடுக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்பதும் அதில் இருந்தது. அவர் மறுத்தார். அதற்குப் பதிலாக, திருத்தந்தை ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டார். ஆனால் ஒரு வால் ஒட்டினார்: இரண்டாம் வத்திக்கான் சங்கம் என்ற உலக ஆயர்களின் பெருங்கூட்டத்துக்குப் பின் வந்த இறையியல் வளர்ச்சியையும், தேடுகிறவனின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் மனத்தில் கொண்டே இதை ஏற்கிறேன் என்று.

அந்த வால் உடம்பையே விழுங்கிவிட்டது என்றது ரோம். ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும்: இந்த இடத்தில் ரோம் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘நீங்கள் சொல்வது சரி, என் கண்ணோட்டத்தில்’ என்று மாணவன் எழுதிக் கொடுத்தால் நான் மதிப்பெண் குறைப்பேன். திருச்சபையின் பெயரில் போதிக்கிறவர் அது போதிப்பதைத்தான் போதிக்க வேண்டும் என்பதும் அடாவடி அல்ல. ஆனால் நேரில் உட்கார்ந்து பேச வாய்ப்பே தரவில்லை என்பது அவருடைய மனக்குறை. பிழை திருத்துகிறவன் பையனைக் கூப்பிட்டு, ‘இங்கே என்ன சொல்ல வந்தாய்?’ என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?

1997 ஜனவரி 2ஆம் தேதி அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். வயது 72. ரோமோடு மோதிய இன்னொரு குருவான ஹான்ஸ் கூங் ஊர் உலகமெல்லாம் பேசப்பட்ட ஐரோப்பியப் பேராசிரியர். அவருக்கு 1979இல் போனது கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் உரிமை மட்டும்தான், குருத்துவம் போகவில்லை. கொழும்புக் கிழவருக்கு நற்கருணையே இல்லை என்றாகிவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஓர் ஆண்டு கழித்து, 1998 ஜனவரி 15ஆம் தேதி, கொழும்பில் சமாதானம் ஆயிற்று. அவர் வாலை வெட்டிவிட்டுப் பவுலின் அறிக்கையில் கையெழுத்திட்டார். ரோம் தயாரித்த அந்தத் தனி அறிக்கையை அவர்கள் மறுபடி நீட்டவில்லை. இனி எழுதுவதை ஆயர்களின் அனுமதி பெற்றே வெளியிடுவதாகவும் ஒப்புக்கொண்டார். தன் எழுத்தில் பிழைகள் ‘இருந்தன’ என்று அவர் சொல்லவில்லை. ‘காணப்பட்டன’ (ஆங்கிலத்தில் ‘were perceived’) என்றார். செயப்பாட்டுவினை! கண்டவர் யார் என்று சொல்லாமல் காணப்பட்டன. அவர் 2013 ஜனவரி 17ஆம் தேதி இறக்கும்வரை கத்தோலிக்கக் குருவாகவே இருந்தார். அவர் மறைந்து ஒரு மாதம் ஆவதற்குள் பெனடிக்ட் பதவி விலகப்போவதாக அறிவித்தார்.

எங்கள் பங்குக் கோயிலின் இளைஞர்களுக்காக அந்தச் சமாதான அறிக்கையைத் தமிழில் கொண்டுவர முயன்றேன். ‘காணப்பட்டன’ என்று போட்டால் நம்மவர்களுக்கு வேறு அர்த்தம். நாளிதழில் ‘சாலையில் பள்ளங்கள் காணப்படுகின்றன’ என்றால் பள்ளம் இருக்கிறது என்றுதான் பொருள். பார்த்தவர் கண்ணில் கோளாறா என்று யாரும் யோசிப்பதில்லை. ‘தென்பட்டன’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பிழைகளாகக் கருதப்பட்டன’ என்பது கொஞ்சம் அதிகமாக அவர் பக்கம் சாய்ந்தது. கடைசியில் ‘பிறர் கண்ணுக்குப் பிழையாகப் பட்டன’ என்று எழுதி, எங்கள் ஃபாதரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “ஐயா, ‘பிறர் கண்ணுக்கு’ என்பது மூலத்தில் இருக்கிறதா?”

இல்லை. அடித்துவிட்டேன்.