கேஸ் ஷீட்டில் வெயிலையும் எழுதுங்கள்

(மருத்துவ, செவிலிய மாணவர்களும் ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பருவநிலை மாற்றம் என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். நான் பனிப்பாறை, கடல்மட்டம் பக்கமெல்லாம் போகப்போவதில்லை. ஓ.பி.யில் உங்கள் முன்னால் வந்து உட்காரும் ஆளைப் பற்றியும், அவருக்காக நீங்கள் எழுதும் காகிதத்தைப் பற்றியும்தான் பேசப் போகிறேன்.

மே மாதம். ஒரு பெண் வருகிறார், முப்பது வயது இருக்கும். தலைசுற்றல், உடம்பு வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல். 'யு.டி.ஐ.', அதாவது சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று சீட்டில் எழுதி, மாத்திரை எழுதி, நிறையத் தண்ணி குடிங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தோம், மாத்திரையும் சரிதான். ஆனால் அவர் வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தில் வேலை பார்ப்பவர் என்பது அந்தச் சீட்டில் எங்கேயும் இருக்காது. உப்பளத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது, மேலிருந்து அடிக்கிற வெயில் போதாதென்று பாத்தியில் வெள்ளையாகக் கிடக்கும் உப்பும் அதை முகத்துக்கே திருப்பி அடிக்கும். பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் பெரும்பாலும் இருக்காது. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். குடித்தால் எங்கே போவது என்பதுதான் அவருடைய பிரச்சினை, நாமோ நிறையக் குடி என்று சொல்லி அனுப்புகிறோம்.

1700-ஆம் ஆண்டிலேயே ராமசினி என்ற இத்தாலிய மருத்துவர், நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'உன் தொழில் என்ன' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். முந்நூறு வருஷம் தாண்டியும் நம் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்றோ 'இல்லத்தரசி' என்றோ ஒரே வார்த்தைதான் இருக்கிறது. எந்தக் கூலி? செங்கல் சூளையா, கரும்பு வெட்டா, தகரக் கூரைக்கடியில் தையலா? எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும். பருவநிலை மாற்றத்துக்கு மருத்துவத்துறை என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். வெயில் நம் வார்டுக்குள் எப்போதோ வந்துவிட்டது, நம் காகிதத்தில்தான் இன்னும் ஏறவில்லை.

எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2022 வரை தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், சூளை, உப்பளம் என்று கடும் வெப்பத்தில் வேலை செய்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கரு கலைந்த அந்தப் பெண்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் 'அபார்ஷன்' என்ற ஒரு சொல்லோடு பதிவாகி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார்கள். வேலை செய்யும் இடத்தின் வெப்பத்தையும் அளந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கணக்கு தெரிந்தது.

அகமதாபாத் கதையும் இதேதான். 2010 மே மாதம் அங்கே வெப்பம் 46 டிகிரியைத் தாண்டியது. வெப்பத்தால் செத்தவர்கள் என்று அப்போது எழுதப்பட்டது கொஞ்சம் பேர்தான். அப்புறம் ஆய்வாளர்கள் உட்கார்ந்து, அந்த மாதத்தின் மொத்த இறப்புப் பதிவையும் மற்ற வருஷங்களின் மே மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கூடுதலாக இறந்தவர்கள் 1,344 பேர். அவர்களில் பெரும்பாலோர் வெப்பத்தால் இறந்தவர்கள் என்ற கணக்கிலேயே வரவில்லை. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2013-இல் மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் போட்டது. அதே ஊரில் ஷர்தாபென் மருத்துவமனையில் வேறொரு விஷயம் கவனித்தார்கள். பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் காய்ச்சலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள், கிருமி எதுவும் பிடிபடவில்லை. பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது, மொட்டைமாடிச் சூடு நேராக அறைக்குள் இறங்கியது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள், அப்படி வரும் குழந்தைகள் குறைந்துவிட்டார்கள். இதற்கு ஆன செலவு கட்டிலைக் கீழே இறக்கும் செலவுதான். உங்கள் மருத்துவமனையில் மேல்மாடியில் எந்த வார்டு இருக்கிறது என்று இன்றைக்குப் போய்ப் பாருங்கள்.

இறப்புச் சான்றும் இதில் வரும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு, ஆனால் இறப்புக்கு அதுதான் காரணம் என்று சான்று வேண்டும். தார் போடும் வேலையில் மயங்கி விழுந்து இறந்தவருக்கு நீங்கள் இறப்புக்கான மருத்துவக் காரணத்தை எழுதும் படிவம் 4-இல் 'இதயத் துடிப்பு நின்றது' என்று மட்டும் எழுதினால், அவர் மனைவி எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் ஒன்றும் நடக்காது. துடிப்பு நிற்காமல் யாரும் சாவதில்லை, அது காரணமே இல்லை. அடிப்படைக் காரணத்தை எழுத அந்தப் படிவத்தில் வரிசை இருக்கிறது. வெப்பத் தாக்கத்துக்கு டி67 (T67), இயற்கை வெப்பத்துக்கு ஆளானதற்கு எக்ஸ்30 (X30) என்று சர்வதேச நோய்க் குறியீடும் இருக்கிறது. உடம்புச் சூட்டை அளந்திருந்தால், அவரை எந்த இடத்திலிருந்து தூக்கிவந்தார்கள் என்று கேட்டிருந்தால், தைரியமாக எழுதலாம்.

சிகிச்சையிலும் ஒன்று சொல்லவேண்டும். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் உடம்புச் சூடு, கூடவே உளறல் அல்லது வலிப்பு அல்லது மயக்கம், வெயிலில் இருந்த வரலாறு. இப்படி ஒருவர் வந்தால் கக்கத்தில் வைக்கும் தெர்மாமீட்டரை நம்பாதீர்கள், ஆசனவாய் வழியாகப் பாருங்கள். பாரசிட்டமால் போடாதீர்கள், இது காய்ச்சல் கிடையாது, அந்த மருந்துக்கு இங்கே வேலையே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அவசரத்தில் சூட்டோடு ஆம்புலன்ஸில் ஏற்றிவிடாதீர்கள். முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் அனுப்புங்கள். அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்க வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நிமிஷத்திலும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுக்கொண்டிருக்கும். டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 2024-இல் இதற்கென்றே பீங்கான் தொட்டி, ஐஸ் எந்திரம் எல்லாம் வைத்துத் தனிப் பிரிவு திறந்தார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொட்டி எங்கே என்று கேட்பீர்கள். ஒரு தார்ப்பாய் போதும். நான்கு பேர் நான்கு முனையைத் தூக்கிப் பிடித்து, ஆளை நடுவில் கிடத்தி, ஐஸ் தண்ணீரை ஊற்றி அலசலாம், மூச்சுப் பாதையை மட்டும் ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடற்கரை ஊர் என்றால் மீன் இறங்குதளத்தில் ஐஸ் கிடைக்கும், மார்ச் மாதமே போய்ப் பேசி வையுங்கள். வயதானவர் என்றால் உடம்பெல்லாம் நனைத்து மின்விசிறிக் காற்றும் கொடுக்கலாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் மாத்திரைப் பட்டியலே ஒரு எச்சரிக்கைப் பட்டியல். சிறுநீர் பிரியவைக்கும் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு வெயில் காலத்தில் நீர்ச்சத்து சீக்கிரம் இறங்கும். மனநோய் மாத்திரைகள் சிலவற்றில் வியர்வையே குறையும். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், கோடை வருமுன் அவர்கள் பெயரைத் தனியாகக் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், ஈரமண் பானை வைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

கொசு, டெங்கு, வெள்ளத்துக்குப் பின் வரும் எலிக்காய்ச்சல் எல்லாம் உங்களுக்கே நன்றாகத் தெரியும், அதில் நேரம் செலவழிக்கவில்லை.

நம் வீட்டையும் பார்க்க வேண்டும். உலகத்தின் மொத்தக் கார்பன் வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் மருத்துவத்துறையுடையது என்று 2019-இல் ஒரு கணக்கு வந்தது. மயக்கம் கொடுக்கப் பயன்படும் டெஸ்ஃப்ளூரேன் என்ற வாயு, நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 2,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஸ்காட்லாந்து 2023-இல் அதை நிறுத்தியது, செவோஃப்ளூரேன் போன்ற வேறு மயக்க மருந்துகளை வைத்து அறுவை சிகிச்சைகள் நன்றாகவே நடக்கின்றன. மயக்கவியல் படிக்கப் போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

இதில் வெளிநாட்டைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றும் இல்லை. நம் அரவிந்த் கண் மருத்துவமனையில் ஒரு கண்புரை அறுவைக்கு ஆகும் குப்பை, மின்சாரம், பொருள்கள் எல்லாவற்றையும் ஆய்வாளர்கள் அளந்து 2017-இல் வெளியிட்டார்கள். ஓர் அறுவைக்கு வெளியாகும் கார்பன் சுமார் 6 கிலோ. அதே அறுவைக்கு பிரிட்டனில் ஆவதில் இது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஒரே அறையில் இரண்டு படுக்கை, கருவிகளைக் கொதிநீராவியில் சுத்தம்செய்து திரும்பப் பயன்படுத்துவது, ஒரு சொட்டு விட்டுவிட்டு மருந்துப் புட்டியைத் தூக்கி எறியாமல் இருப்பது, இவ்வளவுதான் ரகசியம். தொற்று கூடியதா என்றால் இல்லை. செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்டாயத்தில் நம்மவர்கள் உருவாக்கிய முறையை இன்றைக்கு உலகம் படிக்கிறது. ஒருமுறை பயன்படுத்தி எறிவதுதான் நவீனம் என்று நினைத்து நாம் அதைக் கைவிட்டுவிடக் கூடாது என்பது என் கவலை.

மாணவர்களுக்கு. மாணவர்கள் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்குப் போகிறீர்கள். அடுத்த மே மாதம் போகும்போது ஒரு சாதாரண அறை வெப்பமானியைக் கொண்டுபோங்கள். தகரக் கூரை வீடு, ஓட்டு வீடு, தளம் போட்ட வீடு என்று மூன்றிலும் மதியம் இரண்டு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் எவ்வளவு என்று குறியுங்கள். ராத்திரியும் சூடு இறங்காத வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அப்புறம், கலிபோர்னியாவில் மருத்துவ மாணவர்கள் 2019-இல் ஒரு வேலை தொடங்கினார்கள். தங்கள் கல்லூரியில் பருவநிலை பற்றி என்ன சொல்லித்தருகிறார்கள், வளாகத்தை எப்படி நடத்துகிறார்கள் என்று மாணவர்களே மதிப்பெண் போட்டு வெளியிட்டார்கள். இப்போது பல நாட்டுக் கல்லூரிகளில் அது நடக்கிறது. நீங்களும் செய்யலாம், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

பேசி முடித்ததும் ஒரு செவிலிய மாணவி எழுந்து கேட்டார்: 'சார், டூட்டி டாக்டர் எழுதவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?' நல்ல கேள்வி. நர்சிங் குறிப்பும் சட்டப்படி ஆவணம்தான் அம்மா. நோயாளி உள்ளே வந்த நேரம், அப்போதைய உடம்புச் சூடு, தோல் வறண்டிருந்ததா வியர்த்திருந்ததா, கூட வந்தவர் சொன்ன வேலை செய்த இடம், இதையெல்லாம் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். 108 வண்டியில் வருகிறவர்களிடமும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டு அதையும் அதே பக்கத்தில் சேருங்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.