என் ரெண்டு ஸ்கிரிப்ட்டும் ராத்திரி முழுக்க மல்லுக்கட்டின கதை

வணக்கம் மக்களே. தம்ப்நெயில்ல போட்ட மாதிரியேதான், இன்னைக்குக் கதை என்னன்னா நானே எழுதின ரெண்டு ஸ்கிரிப்ட், அதாவது தானா ஓடுற ரெண்டு சின்ன புரோகிராம், ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டது. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ரெண்டுமே நான் சொன்ன வேலையைச் சொன்னபடி செஞ்சுது. ஒண்ணுலயும் எரர் கிடையாது.

முதல் ஸ்கிரிப்ட், கூகுள்ல விளம்பரம் ஓட்டற கூகுள் ஆட்ஸ் அக்கவுண்ட்டுக்குள்ளயே ஓடுறது. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: அங்க ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதி அங்கேயே ஷெட்யூல் பண்ணிக்கலாம், தனியா சர்வர் வேணாம். அடிக்கடின்னு பார்த்தா மணிக்கு ஒரு தடவை ஓட விடலாம், ஒரு ஓட்டத்துக்கு 30 நிமிஷம் டைம். என் ஸ்கிரிப்ட்டோட வேலை சிம்பிள். ஒவ்வொரு ஆட்டும் எந்தப் பேஜுக்குப் போகுதோ அந்தப் பேஜைத் தட்டிப் பார்க்கும். “பேஜ் நல்லா இருக்கு”ங்கிற 200 நம்பர் வந்தா ஆட் ஓடட்டும், வேற எது வந்தாலும் பாஸ் (pause) பண்ணு, அதாவது நிறுத்தி வை. செத்த பேஜுக்கு கிளிக் காசு கட்டுறதை விடக் கொடுமை ஏதாவது இருக்கா?

ரெண்டாவது ஸ்கிரிப்ட் சர்வர்ல. பாஷ்ங்கிற கமாண்ட் மொழியில எழுதினது, கிரான்ங்கிற டைமர்ல நிமிஷத்துக்கு ஒருக்கா ஓடும். சைட்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு பதிவாகுற ஆக்சஸ் லாக்கை எடுத்து, எந்த ஐபி (வர்றவங்களோட நெட் முகவரி) கடைசி ஒரு நிமிஷத்துல 120 தடவைக்கு மேல வந்திருக்குன்னு எண்ணும். வந்திருந்தா, பேஜை அனுப்புற வெப் சர்வர் என்ஜின்எக்ஸோட டினை (தடுப்பு) லிஸ்ட்ல அந்த ஐபியைச் சேர்த்துடும். அரை மணி நேரம் அவங்களுக்கு 403, அதாவது உள்ள வர அனுமதி இல்லைங்கிற பதில்தான். அப்புறம் தானா விடுதலை. சைட்ல இருக்கிறதை மொத்தமா காப்பி அடிச்சு எடுக்க வர்ற பாட் (bot) புரோகிராம்களுக்காக எழுதினது.

இப்பவே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். எனக்குப் புரிய ஒரு முழு நாள் ஆச்சு.

அக்கவுண்ட்ல ஆட் மொத்தம் 600 சொச்சம். ஆனா அத்தனையும் போறது வெறும் 11 பேஜுக்குத்தான். நான் என்ன பண்ணியிருந்தேன்? ஆட் ஆடா போய்த் தட்டுற மாதிரி எழுதியிருந்தேன். ஒரே பேஜை அம்பது, அறுபது தடவை. செகண்டுக்கு மூணுன்னு வெச்சாலும் நிமிஷத்துக்கு 180. சர்வர் ஸ்கிரிப்ட் பார்த்துச்சு, எவனோ வந்து வெளுத்து வாங்குறான்னு கேட்டை மூடிடுச்சு. உடனே ஆட்ஸ் ஸ்கிரிப்ட்டுக்கு வரிசையா 403. அது பங்குக்கு, பேஜ் செத்துப் போச்சுன்னு மிச்சம் இருக்கிற எல்லா ஆட்டையும் பாஸ் பண்ணிடுச்சு.

அடுத்த மணி நேரம்? பிளாக் முடிஞ்சிருக்கும். முதல் நூத்தம்பது ஆட்டுக்கு 200 வரும், அதையெல்லாம் ஆன் பண்ணும். அதுக்குள்ள கேட் மூடிடும், மிச்சம் ஆஃப். விடிய விடிய இதே கூத்து. காலையில சேஞ்ச் ஹிஸ்டரியைத் திறந்தா பஞ்சாங்கம் மாதிரி இருக்கு, மணிக்கு மணி ஆன், ஆஃப், ஆன், ஆஃப்.

சரி, லாக்கோட ஒப்பிட்டுப் பார்ப்போம்னா, எதுவும் பொருந்தல. ஆட்ஸ்ல ஒரு நேரம், சர்வர்ல வேற நேரம். கொஞ்ச நேரம் திருதிருன்னு முழிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடுது, ஆட்ஸ் ஹிஸ்டரி அக்கவுண்ட்டோட டைம் ஸோன்ல காட்டுது. பேப்பர்ல ரெண்டு காலம் (column) போட்டு நேரத்தை மாத்தி எழுதினதும் எல்லாம் அச்சு பிசகாம உட்கார்ந்துச்சு.

ஆட் நின்னது கூடப் பரவாயில்லைங்க. ஆன் ஆச்சே, அதுதான் அடி. மூணு மாசம் முன்னாடி முடிஞ்சுபோன ஒரு ஆஃபர். அந்த ஆட்டை நானே கையால பாஸ் பண்ணி வெச்சிருந்தேன். பேஜை மட்டும் எடுக்கல, சோம்பல். ஸ்கிரிப்ட் அந்தப் பேஜைத் தட்டிச்சு, 200 வந்துச்சு, “ஆஹா, பேஜ் திரும்பி வந்துடுச்சு”ன்னு ஆட்டை ஆன் பண்ணிடுச்சு. யார் பாஸ் பண்ணாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் அந்த ஆஃபர்ல ஆர்டரே போட்டுட்டார். தப்பு நம்ம பேர்ல, பேசாம அந்த விலைக்கே கொடுத்தாச்சு.

இப்போ என்ன மாத்தியிருக்கேன்னு கோடை (code) காட்டுறேன். முதல்ல, தட்டுறதுக்கு முன்னாடி யூஆர்எல்லை (பேஜோட முகவரி) எல்லாம் சேர்த்து டூப்ளிகேட்டைக் கழிச்சிடறேன். 600 தட்டு, 11 தட்டா ஆயிடுச்சு. உண்மையில இது ஒண்ணு பண்ணியிருந்தாலே இந்த வீடியோ கிடையாது.

அடுத்தது லேபிள். ஸ்கிரிப்ட் எதையாவது பாஸ் பண்ணா அதுமேல தன்னோட லேபிளை ஒட்டணும். ஆன் பண்ணும்போது அந்த லேபிள் இருக்கிறதை மட்டும்தான் தொடணும். நான் கையால நிறுத்தினது அது கண்ணுலயே படாது.

அப்புறம் 403, 429 வந்தா அது “உன்னை உள்ள விட மாட்டேன்”ங்கிற பதில், பேஜ் இல்லைங்கிற பதில் கிடையாது. அதனால அதுக்குப் பாஸ் இல்லை, மெயில் மட்டும். 404க்கும் (பேஜ் இல்லை) 500க்கும் (சர்வர்ல கோளாறு) ரெண்டு ஓட்டம் தொடர்ந்து வந்தாத்தான் பாஸ். இன்னொரு பிரேக்கும் வெச்சிருக்கேன்: ஒரே ஓட்டத்துல பத்து சதவீதத்துக்கு மேல ஆட்டை நிறுத்தணும்னு கணக்கு வந்தா, எதையும் தொடாம நின்னுடும்.

மெயில்னு சொன்னேன்ல, அங்கயும் ஒரு குழி இருக்கு. 2017 ஜனவரி 31ல, கோட் சேமிச்சு வைக்கிற சைட் கிட்லேப்ல நடந்தது ஞாபகம் இருக்கலாம். ஒரு இன்ஜினியர் தப்பான டேட்டாபேஸ் சர்வர்ல ஆர்எம்ங்கிற அழிக்கிற கமாண்டை அடிச்சுட்டார், 300 ஜிபி போல அழிஞ்சுது. சரி பேக்கப் இருக்குமேன்னு போனா, டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுக்கிற டூலோட வெர்ஷன் சேராம அது ஓடாமலே இருந்திருக்கு. ஓடலைன்னு சொல்ல வேண்டிய மெயிலையும், டிமார்க் (மெயில் நிஜமா அந்த டொமைன்ல இருந்துதான் வந்துச்சான்னு சரிபார்க்கிற முறை) அதுக்கு செட் பண்ணலைன்னு, வாங்க வேண்டிய மெயில் சர்வர் தள்ளிவிட்டிருக்கு. இதை அவங்களே முழுசா எழுதி வெளியிட்டாங்க. அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி நான் என் பேக்கப்பைப் போய்ப் பார்த்தேன், பொய் சொல்லல.

அதனால நான் இப்போ தலைகீழா வெச்சிருக்கேன். ஸ்கிரிப்ட் ஒழுங்கா முடிஞ்சா ஒரு இடத்துக்கு “முடிச்சுட்டேன்”னு ஒரு பிங் அனுப்பும். ரெண்டு மணி நேரம் பிங் வரலைன்னா அந்த இடம் எனக்கு மணி அடிக்கும். செத்துப் போனவன்கிட்ட “செத்துட்டேன்னு சொல்லு”ன்னு கேட்க முடியாதுல்ல.

சர்வர் பக்கமும் தேதி வாரியா லாக் வைக்கலாம்னு கிரான் எப்போ எதை ஓட்டணும்னு எழுதி வைக்கிற கிரான்டேப்ல, அந்த வரியிலேயே டேட் கமாண்டைப் போட்டேன். டெர்மினல்ல அடிச்சா ஜம்முனு ஓடுது, கிரான்ல ஃபைலே வரல. விஷயம் என்னன்னா, டேட் கமாண்ட்ல தேதி வடிவத்துக்கு சதவீதக் குறி வரும், ஆனா கிரான்டேப்ல அந்தக் குறி வந்தா அதைப் புது வரின்னு எடுத்துக்கும். முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடணும். இல்லைன்னா கமாண்டைத் தனி ஃபைல்ல வெச்சுடுங்க, நான் அதைத்தான் பண்ணேன். கிரான்டேப்பை எடிட் பண்ண “crontab -e” அடிக்கும்போதும் நிதானம், கீபோர்டுல இ பக்கத்துலயே ஆர் இருக்கு. ஆர் அடிச்சா மொத்த கிரான்டேப்பும் கேள்வி கேட்காம காலி.

சரி, இப்போ நேரடியா ப்ரிவியூ ஓட்டறேன், இதுல எதுவும் மாறாது, என்ன பண்ணியிருக்கும்னு மட்டும் காட்டும். ஓடுது… 11 பேஜ், பத்துக்கு 200. ஒண்ணு 404. இருங்க, அது எது? அட, நேத்து நான் புதுசா போட்ட ஆட். யூஆர்எல்ல ஒரு எழுத்து விட்டுட்டேன். முதல்ல இதைச் சரி பண்ணிட்டு வரேன், கேமராவை ஆஃப் பண்றேன்.