டேங்க் நிறைய ஆயில், காய்ந்து கிடக்கும் செயின்

வணக்கம் நேயர்களே. நான் பேராவூரணிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயில் இன்ஜின், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், இப்போது சில வருடங்களாக செயின்சா. மரம் அறுக்கிற மெஷின் என்றால் எல்லோருக்கும் தெரியும். பத்து நிமிடம் பேச வேண்டும் என்று வானொலியில் கூப்பிட்டார்கள். வீட்டில் சொன்னதும், "பத்து நிமிஷத்தில் நீங்கள் எதை முடித்திருக்கிறீர்கள்?" என்று சிரித்தார்கள். பார்ப்போம்.

2018 நவம்பர் 16. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய விடியற்காலை. எங்கள் ஊரில் எழுந்து வெளியே வந்தால் தோப்பே படுத்துக் கிடக்கிறது. அதுவரை செயின்சா என்பது மரக்கடைக்காரர்களிடம் இருக்கும் சாமான். அப்புறம் தெருவுக்குத் தெரு அந்தச் சத்தம்தான். கடன் வாங்கியாவது ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கு மெஷினைப் பற்றித் தெரியாது. உண்மையைச் சொன்னால், எனக்கும் அரைகுறைதான்.

மார்கழி பிறந்த சமயம். அடுத்த ஊர்ப் பெரியவர் ஒருவர், எனக்கு மாமா முறை, மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாப்ளே, பார் நீலம் பாய்ஞ்சு போச்சு. செயின் புகையுது. டேங்க்ல ஊத்தின ஆயில் ஊத்தினபடி இருக்கு" என்றார். பார் என்றால் மெஷினுக்கு முன்னால் நீண்டிருக்கும் பட்டை இரும்பு, அதன் ஓரத்தைச் சுற்றித்தான் செயின் ஓடும். செயின் காயாமல் இருக்கத் தனி டேங்கில் ஆயில் ஊற்றுவோம், அதைத் தள்ளிவிடுவது ஒரு சின்னப் பம்ப். நான் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "பம்ப் போச்சு மாமா" என்று சொல்லிவிட்டேன். வைத்தியருக்கு நாடி பிடிக்க நேரமில்லாத காலம் அது, பட்டறை வாசலில் அத்தனை மெஷின்.

பம்ப் தஞ்சாவூரிலிருந்து வரவேண்டும். நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் பெரியவர் காலையில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பம்ப் வந்தது, மாட்டினேன், ஓட்டினேன். செயின் எலும்பு மாதிரிக் காய்ந்தே ஓடுகிறது.

அரையாண்டு லீவுக்கு வந்திருந்த என் அக்கா மகன் அந்தப் பாரைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். "மாமா, இந்த ஓட்டை அடைச்சிருக்கே, அடைச்சுத்தான் இருக்கணுமா?" என்று கேட்டான். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி அந்த ஓட்டையில் குத்தினான். கறுப்பாக, பற்பசை மாதிரி, ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்தது பாருங்கள்! தென்னந்தூளும் நாரும் பழைய ஆயிலும் சேர்ந்து இறுகின களிம்பு. பாரை மாட்டி ஓட்டினோம். அரை நிமிடத்தில் செயின் மினுமினுவென்று ஆகிவிட்டது.

பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்ப அந்தப் பழைய பம்பு நல்லாத்தானே இருந்திருக்கும்?" புதுப் பம்புக்கு நான் காசு வாங்கவில்லை. பழைய பம்ப் இன்றைக்கும் என் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. யாராவது வந்து "பம்ப் போச்சுண்ணே" என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. அதனால் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று புரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று, கல்லணையிலும் விட்டாயிற்று, ஆனால் ஊர் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் நம் வயலுக்கு என்ன வரும்? மெஷினுக்குள்ளும் அதே கதைதான். டேங்கிலிருந்து ஆயிலைப் பம்ப் இழுக்கிறது. உடம்பில், பார் உட்காரும் இடத்தில், ஒரு சின்ன வாய் வழியாகத் தள்ளுகிறது. அந்த வாய்க்கு நேராகப் பாரின் அடியில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக ஆயில் பாரின் காடிக்குள், அதாவது ஓரத்தில் இருக்கும் பள்ளத்துக்குள், இறங்குகிறது. காடியில் ஓடும் செயினின் அடிப்பற்கள் அதை இழுத்துக்கொண்டு நுனி வரைக்கும் போய்த் திரும்புகின்றன. இந்த வழியில் எங்கே தூர்ந்தாலும் கடைமடை காயும். மேட்டூரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் முதலில் வாய்க்காலைத் தூர்வாருங்கள். இன்ஜினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, பக்கத்து மூடியையும் பாரையும் எடுங்கள். கிளட்சைச் சுற்றி அடைந்திருக்கும் நாரைச் சுரண்டுங்கள். தென்னைக்கு இது ரொம்ப முக்கியம். வேம்பு, புளி அறுத்தால் தூள் உதிர்ந்துவிடும். தென்னை நாராக வந்து சுற்றிக்கொள்ளும். காடியை உடைந்த ஹேக்சா பிளேடு துண்டால் வழித்தெடுங்கள். பார் ஓட்டையில் ஈர்க்கை விடுங்கள். அந்த ஓட்டை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இருக்கும். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட்டால்தான் இரண்டு ஓரமும் சமமாகத் தேயும், அதற்காகத்தான் இரண்டு. ஒன்றை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, பாரைத் திருப்பி மாட்டி, "மறுபடி வரலைண்ணே" என்று வருகிறவர்களும் உண்டு.

சரி, ஆயில் வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? எல்லாவற்றையும் மாட்டி, காய்ந்த தென்னை மட்டையோ பழைய சிமெண்டுச் சாக்கோ தரையில் போட்டு, பார் நுனியை அதற்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து ரேஸ் கொடுங்கள். செயின் எதிலும் படக்கூடாது. கொஞ்ச நேரத்தில் பொட்டுப் பொட்டாக ஓர் ஆயில் கோடு விழ வேண்டும். இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது செயின் ஆயிலும் ஏறக்குறையத் தீர்ந்திருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் ஆயிலும் ஊற்ற வேண்டிவந்தால் மெஷின் ஆரோக்கியமாக இருக்கிறது. "அண்ணே, என் மெஷின் ஆயிலே குடிக்காது" என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வாரமே பார் வாங்கப் போனார்.

இப்போது என் பழைய புலம்பலுக்கு வருகிறேன். வேஸ்ட் ஆயில். பைக்கிலும் டிராக்டரிலும் வடித்த கறுப்பு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுகிறார்கள். சும்மா கிடைக்கிறதே என்பார்கள். அதில் இரும்புத் தூளும் கரியும் இருக்கிறது. டேங்குக்குள் ஒரு சின்ன பில்டர் இருக்கும், முதலில் அது அடையும். மீறி வருவது செயினில் ஒட்டாமல் தெறித்துப் போகும். செயினுக்கென்று விற்கும் ஆயிலில் பிசுபிசுப்பு சேர்த்திருப்பார்கள், நுனியில் வேகமாகத் திரும்பும்போதும் அது பிடித்துக்கொள்ளும். அதோடு, தெறிப்பது உங்கள் கையிலும் முகத்திலும்தான் படுகிறது. வேஸ்ட் ஆயில் தோலுக்கு ஆகாத சாமான், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகலாம். மாமாவின் பாரில் இருந்த களிம்புக்கும் அதுதான் காரணம். தூள் மட்டும் என்றால் உதிர்ந்திருக்கும், வேஸ்ட் ஆயில் அதைச் சாந்து மாதிரிப் பூசிவிட்டது. இதை நான் சொல்லாத நாளில்லை. கேட்டுவிட்டு, "சரிண்ணே, இந்த ஒரு கேன் மட்டும் தீரட்டும்" என்பார்கள்.

மழுங்கின செயினையும் சொல்லியாக வேண்டும். கூராக இருந்தால் செதில் செதிலாக வரும். மழுங்கினால் மாவாகக் கொட்டும். தென்னைக்கு வெளிவயிரம் கல் மாதிரி, சீக்கிரம் மழுங்கிவிடும். அப்போது ஆள் மெஷினை அமுக்குவார், பார் சூடேறும், மாவு போய் ஓட்டையை அடைக்கும். ஆயில் வரவில்லை என்று என்னிடம் வருவார். அரம் பிடிக்கிற விதத்தை விவரமாகச் சொல்லலாம் என்று குறித்து வைத்திருந்தேன்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். சரி, மீதியை ஓட்டமாகச் சொல்கிறேன். தூர்வாரியும் வரவில்லையா? டேங்கில் பில்டரைக் கழுவுங்கள். ஆயில் மூடியைத் தளர்த்தினால் மட்டும் கொஞ்ச நேரம் வருகிறது என்றால் டேங்கின் காற்றுத் துளை அடைந்திருக்கிறது. நிறைய மெஷின்களில் ஆயில் அளவைக் கூட்டிக் குறைக்க அடியில் ஒரு திருகு இருக்கும், அதைப் பாருங்கள். ரப்பர் ஓஸ் வெடித்திருந்தாலும், பம்பைச் சுழற்றும் பல் சக்கரம் தேய்ந்திருந்தாலும் பட்டறைக்குத்தான் வர வேண்டும். பம்ப் கடைசியில்தான். அரம் பிடிக்கிற கதை இன்னொரு நாளைக்கு, மறுபடி கூப்பிட்டால். செயினில் கை வைக்கும் முன்னால் பிளக் கேப்பைக் கழற்றுங்கள், அதை மட்டும் மறக்க வேண்டாம். வணக்கம்.